வலப்பக்கத்து வாஷர்கள்

‘சின்ன வேலைதான்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பம்பர் லேசாகச் சாய்ந்திருக்கிறது, ரெண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ரெண்டு தட்டில் சரியாகிற வேலையை வீட்டிலேயே தட்டிக்கொள்ள வேண்டியதுதானே, என் உயிரை எதற்கு வாங்க வேண்டும்? மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டிங்கர் வேலை பார்க்கிறேன். சின்ன வேலை என்று உள்ளே வந்த எதுவும் சின்ன வேலையாக வெளியே போனதில்லை.

என் மனைவியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். அவள் அப்பாவின் பழைய கார் முன்பக்கம் நசுங்கி நிற்கிறதே, அதை நிமிர்த்திக் கொடுத்தால் போதும், சின்ன வேலைதான் என்றாள். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக அந்த வண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுத்ததே கிடையாது.

வீடு மாமனாருடையது. அவர் மனைவி, என் அத்தை, போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நாங்கள் குடிவந்தோம். முன்பக்கம் என் ஷெட், நடுவில் வீடு, பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திய வண்டி. மாமனார் ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற ஆபீசில் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயிலாக்கியவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘பிரேக் அதிகாரி’ என்று பட்டப்பெயர். நான் பெண் கேட்டு வந்தபோது மறுபேச்சில்லாமல் சரி என்றவர், லைசென்ஸுக்குப் போனபோது மட்டும், கண்ணாடி பார்க்காமல் திரும்புகிறீர்கள் மாப்பிள்ளை, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பெண்ணைவிட ரோடு அவருக்கு முக்கியம் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

அந்த வண்டி அவருக்குக் கண் மாதிரி. உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு, முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் போல ஒரு பம்பர். தானே கழுவுவார், தானே துடைப்பார், இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். அப்படிப்பட்ட வண்டியில்தான் ஒருநாள் அத்தை கண் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டாள். ஓட்டியது மகன், அதாவது என் மச்சினன். ஊர் தாண்டி ஒரு நேரான சாலையில் வண்டி வலது பக்கமாகக் குறுக்கே பாய்ந்து, எதிர்ப்பக்கத்து மரத்தில் போய் மோதியது. மோதியது அத்தை உட்கார்ந்திருந்த இடது மூலை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்கு முன்பே அத்தை போய்விட்டாள். மச்சினனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

பிரேக் போட்டேன், வண்டி தானாக வலது பக்கம் இழுத்துவிட்டது என்று அவன் சொன்னான். போலீஸிடம் அதைத்தான் சொன்னான், அப்பாவிடமும் அதைத்தான் சொன்னான். மாமனார் கேட்டுக்கொண்டார். உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போனதும் அவனைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வீட்டில் இருக்காதே என்று சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தவர் மகன் பெற்றவளையே கொன்றுவிட்டானே, அந்த ஆத்திரம் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். போனவன் போனவன்தான். அக்காவோடு மட்டும் எப்போதாவது போனில் பேசுவான்.

இப்போது மாமனாருக்கு இதயம் பாதிதான் வேலை செய்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். என் மனைவிக்கு ஒரே ஆசை. அப்பா கண்மூடுவதற்குள் தம்பி ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தம்பியிடம் கேட்டிருக்கிறாள். அந்த வண்டி அந்த நசுங்கின முகத்தோடு அங்கே நிற்கிறவரைக்கும் என்னால் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது, அதைச் சரி பண்ணு, வருகிறேன் என்றிருக்கிறான். அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி, வந்துவிட்டுப் போகட்டும், மாப்பிள்ளையை இடது பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல், வலது பக்கத்தில் கை வைக்க வேண்டாம் என்றிருக்கிறார். நல்ல பக்கத்தில் நான் எதற்குக் கை வைக்கப் போகிறேன், பிரேக் அதிகாரிக்கு எல்லாவற்றிலும் ஒரு நொட்டை என்று சொல்லிச் சிரித்தேன்.

வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. டயர் நான்கும் செத்துக் கிடந்தன. பம்பரைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவில் ஒன்றோடொன்று கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தன. எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, சூடு காட்டி, கடைசியில் உளியால் நட்டைப் பிளந்துதான் எடுத்தேன். இடது பிராக்கெட் மடக்கின முழங்கை மாதிரி வளைந்திருந்தது. அதைத் தாங்குகிற அடிச்சட்டம், நாங்கள் சேஸிஸ் என்போம், அதன் நுனியும் உள்ளே போயிருந்தது. சங்கிலி கட்டி, ஜாக்கி கொடுத்து, நெருப்பில் சிவக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இரும்பை இழுக்கும்போது அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். எனக்குப் பொறுமை என்பது கிடையாது, ஊருக்கே தெரியும், ஆனால் சிவந்த இரும்பின் முன்னால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

எவ்வளவு இழுப்பது? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடிபட்ட பக்கத்துக்கு அளவு அடிபடாத பக்கத்தில்தான் கிடைக்கும். நல்ல பக்கத்தை அளந்து, கெட்ட பக்கத்தை அதற்குக் கொண்டுவருவோம். கம்பெனி அளவு இல்லாத பழைய வண்டிக்கு வேறு வழியும் கிடையாது. நானும் வலது பக்கத்தை அளந்தேன், இடதை அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன், பம்பரை மாட்டினேன். மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தால் இடது முனை வண்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, வலது முனை விலகி நிற்கிறது.

கழற்றினேன், அளந்தேன், மறுபடி மாட்டினேன். அதே கோணல். ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன், அது போய்த் தண்ணீர் வாளியில் விழுந்தது, வாளியையும் உதைத்தேன். சத்தம் கேட்டு என் மனைவி வந்து பார்த்தாள். நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். குருடனுக்கு நன்றாக இருக்கும் என்றேன். அவள் கோபப்படவில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான், பஸ்ஸுக்கு டிக்கெட்கூட எடுத்து வைத்துவிட்டான், இதுவே போதும் விடுங்கள் என்றாள். என் கையிலிருந்து கோணலாக ஒரு வண்டி வெளியே போனதில்லை, இதுவும் போகாது என்று நான் கத்தினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் நாலு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியை நகர்த்திவிட்டுப் புள்ளிக்குப் புள்ளி குறுக்காக நூல் பிடித்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. நான் இழுத்த இடது பக்கம் குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் வலது பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. அடியே படாத வலது பக்கம்.

அப்புறம் யார் சொன்னாலும் நான் கேட்கிற ஆளா? வலது பிராக்கெட்டைக் கழற்றினேன். மேலே பூசியிருந்த தார்ப் பூச்சைச் சுரண்டினேன். சேஸிஸ் நுனிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வாஷர்கள் அடுக்கியிருந்தன. போல்ட் துளைகள் அரத்தால் ராவி நீளமாக்கப்பட்டிருந்தன. நுனி விரிசல் விட்டு, அதன்மேல் அவசர வெல்டிங். அதாவது எப்போதோ வலது பக்கம் எதிலோ இடித்து உள்ளே போயிருக்கிறது. அதை இழுத்து நிமிர்த்தாமல், வெளியே பார்க்கிறவனுக்குப் பம்பர் நேராகத் தெரிந்தால் போதும் என்று வாஷரை முட்டுக்கொடுத்து மூடிவிட்டார்கள். மூடின தாருக்கு அடியிலேயே துரு ஏறிப் பொருக்கு விட்டிருந்தது. மரத்தில் மோதின பிறகு வண்டி ஓடவே இல்லை, ஆகவே இது அதற்கும் முந்தைய சமாச்சாரம்.

அந்தக் காலத்து வண்டியில் பம்பரைத் தாங்குகிற அதே நுனிதான் முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையையும் தாங்குகிறது. நுனி உள்ளே போனால் பட்டை பின்னால் போகும், பட்டையோடு சக்கரமும் போகும். அப்படி ஒரு வண்டியில் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? வலது பக்கம் இழுக்கும். மச்சினன் சொன்னது அத்தனையும் உண்மை. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவி மனுஷா, உன் மகன் பொய் சொல்லவில்லை என்று உரக்கச் சொன்னேன்.

வாஷர்களை அள்ளி எடுத்துக்கொண்டு நேராக மாமனாரின் அறைக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் மாத்திரைகளை வேளைவாரியாக வரிசை வைத்திருந்தார், அதிலும் ஒரு ஒழுங்கு. வாஷர்களை அந்த ஸ்டூலில் கொட்டினேன். அவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படுவார், விசாரிப்பார் என்று நான் காத்திருக்க, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“வலது பக்கத்தத் தொடாதீங்கன்னு சொல்லியிருந்தேனே மாப்பிள்ளை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

அவர் சாவகாசமாக, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஆபீஸ் சோதனை மைதானத்துக் கேட்டில், ஆளில்லாத நேரத்தில் அவரே வண்டியைக் கல்தூணில் கொண்டுபோய் இடித்திருக்கிறார். யாரோடும் சண்டையில்லை, அவசரமில்லை, ஏதோ நினைவு. கீறலே விழாத வண்டி என்று ஊரெல்லாம் சொன்ன வாய், எப்படி வெளியே சொல்லும்? எங்கேயோ ஒரு தூரத்து ஊரில், பேர் தெரியாத ஒருவனிடம் கொடுத்து மூடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு பிரேக் மிதித்தால் வலது பக்கம் இழுக்கும். அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டார். அன்றைக்குக் காலையில் மகன் சாவி கேட்டபோது ஷேவ் செய்துகொண்டிருந்தாராம். இழுக்கும், பார்த்து ஓட்டு என்று சொல்ல வாயெடுத்திருக்கிறார். ஏன் இழுக்கிறது என்று கேட்பானே என்று அப்படியே விழுங்கிவிட்டார்.

“வண்டி இழுத்துருச்சுன்னு அவன் சொன்னப்ப என் முகத்தையே பாத்தான். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றான்னு நெனச்சேன். அந்தக் கண்ணத் தினம் பாத்துக்கிட்டு ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது மாப்பிள்ளை. அதான் போகச் சொன்னேன்.”

வயசானவர், இதயம் கெட்டவர் என்று பார்த்தேன். இல்லாவிட்டால் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடியதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறானே, அப்போது சொல்லுவீர்களா மாட்டீர்களா என்று. தன்னால் சொல்ல முடியாது என்றார். நீங்களே போய் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், கேட்ட பிறகும் வருவதென்றால் வரட்டும் என்றார். சொல்லிவிட்டு வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்து, மாத்திரைகளோடு கலக்காமல் தனியே தள்ளிவைத்தார்.

என் மனைவியிடம் சொன்னபோது அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி சொன்னது உண்மைதானே, இனிமேல் அவன் தலை நிமிர்ந்து வரலாமே என்றாள். போனில் வேண்டாம், நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று என்னை விரட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மச்சினன் வேலை பார்க்கிற ஊருக்குப் பஸ்ஸில் அரை நாள். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது, ஆவியும் சோப்பு வாசனையும்தான். சுவரோரம் ஆளுயரத்துக்குப் படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. அவன் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றதும்தான் மூச்சு வந்தது. மடிப்பு வேலையில் கூட நிற்கிறவன் அன்றைக்கு லீவு. பேசிக்கொண்டே மடித்துவிடலாம், அந்த முனையைப் பிடியுங்கள் அத்தான் என்றான். நெற்றித் தழும்பு அப்படியே இருந்தது, முடிதான் முன்பு இருந்த இடத்தில் இல்லை.

ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மடித்தோம். நான் குறுக்களவிலிருந்து ஆரம்பித்து வாஷர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு என்ன ஒரு பெருமை! பத்து வருஷத்துப் பழியை இந்தக் கையால்தான் கழற்றியிருக்கிறேன் என்ற திமிர் என் குரலிலேயே இருந்திருக்கும். வண்டி இழுத்திருக்கிறதடா, நீ சொன்னது உண்மை என்று முடித்தேன். அவன் விரிப்பின் முனையை மார்போடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“இழுக்கல அத்தான்.”

“என்னடா உளர்ற? என் கையால கழட்டிப் பாத்தேன்டா.”

“இழுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் பிரேக்கே போடல. தூங்கிட்டேன்.”

முதல் நாள் முழுக்கச் சிநேகிதர்களோடு சுற்றிவிட்டு விடியும்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். வாடகை வண்டியில் போய்க்கொள்கிறேன் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், நான் கூட்டிப் போகிறேன் என்று சாவியை வாங்கியிருக்கிறான். வழியெல்லாம் அம்மா ஏதோ பேசிக்கொண்டே வந்தாளாம். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கண் சொருகிவிட்டது. விழித்தபோது எதிரில் மரம். தூங்கிவிட்டேன் என்று யாரிடம் சொல்வது? பிரேக் அதிகாரியிடமா? வாயில் முதலில் வந்ததைச் சொன்னான், பிரேக் போட்டேன், இழுத்துவிட்டது என்று. மைதானத்தில் ஆயிரம் பேருடைய சாக்குகளைக் கேட்டவராயிற்றே, அப்பா உடனே கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் துரத்தினார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். என் வாய் எப்போது மூடியிருக்கிறது? இல்லையடா, அவர் உன்னைக் கண்டுபிடிக்கவில்லை, நீ அவரைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று பயந்துதான் துரத்தினார் என்று போட்டு உடைத்தேன். தூணில் இடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மெதுவாக அழுக்கு விரிப்புகளின் குவியல்மேல் உட்கார்ந்தான்.

“அப்ப இத்தன வருஷமும் தன்னாலதான் அம்மா செத்ததாவா நெனச்சிட்டு இருக்காரு?”

நான் ஆமாம் என்றேன்.

“அவர் என்னத் துரத்துனாருன்னு எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு அத்தான். தப்பு பண்ணினேன், ஆனா தண்டனைய அனுபவிச்சிட்டேன்னு ஒரு தெம்பு. அத வச்சுத்தான் வரலாம்னு இருந்தேன். இப்ப எத வச்சு வருவேன்?”

கெஞ்சினேன். திட்டினேன். அக்காவை நினைத்துப் பார் என்றேன். சட்டையைப் பிடித்து உலுக்கினேன், மேற்பார்வையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வண்டி இழுத்தும் இருக்கலாம், நீ தூங்கியும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அதை இனி எவன் கண்டுபிடிக்கப் போகிறான், விட்டுவிட்டு வாடா என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். தனக்கு ஒரே ஒரு உதவி செய்யச் சொன்னான். நான் தூங்கிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அவராவது நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்றான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது பாரம் இறங்குமே. இறங்கிவிட்டால் அவரே மகனைக் கூப்பிடுவார், அப்பா கூப்பிட்டால் மகன் வராமல் இருப்பானா என்று ஒரு நப்பாசை. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவள் கட்டில் கால்மாட்டில் நின்றாள். நான் சொல்லி முடித்தேன். அவன் பிரேக்கையே தொடவில்லை மாமா, உங்கள் வண்டியால் நடக்கவில்லை என்றேன்.

மாமனாரின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அது வேறு மாதிரி ஆயிற்று. சிரித்தார்.

“என்னக் காப்பாத்தப் பாக்குறான். சின்ன வயசுலயே அப்படித்தான். அவங்கம்மா எதையாவது ஒடச்சா, நான்தான் ஒடச்சேன்னு முன்னாடி வந்து நிப்பான்.”

இல்லை மாமா, உண்மையாகவே தூங்கிவிட்டான் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. என் மனைவிக்குத் தாங்கவில்லை. தம்பியைப் போனில் கூப்பிட்டு, நீயே சொல் என்று சொல்லி, போனை அப்பாவின் காதில் வைத்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அறை அமைதியாக இருந்ததால் மறுமுனையில் அவன் அழுதுகொண்டே சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“தூங்கிட்டேம்ப்பா. சத்தியமா நான் தூங்கிட்டேன்.”

மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, காய்ச்சலில் கிடக்கிற குழந்தையிடம் பேசுவது மாதிரி பேசினார்.

“சரிப்பா. தூங்கிட்ட. சரி. நீ அலைய வேணாம், அங்கேயே நல்லா இரு.”

போனை மகளிடம் நீட்டினார். நான் அவன்மேல் பழியைப் போட்டேன், அவன் எனக்காக அதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறான், இப்படிப்பட்ட பிள்ளைக்கு எதிரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன், வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் மனைவி போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஷெட்டுக்குப் போனேன். அவசர வெல்டிங்கை அறுத்தெடுத்து வலது நுனியையும் சூடுகாட்டி வெளியே இழுத்தேன். விரிசலை ஒழுங்காக வெல்டிங் செய்தேன். நீளமாக்கிய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளை போட்டேன். இடது பக்கத்தையும் மறுபடி திருத்தினேன். குறுக்களவு இரண்டும் நூல் பிசகாமல் ஒன்றாக வந்தது. பம்பரை மாட்டினால் ஒரு வாஷர்கூடக் கேட்காமல் தானாகப் போய் உட்கார்ந்தது. தொழிலில் இவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை, அதை யாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஷெட்டுக்குள் வந்தாள். தம்பி வந்து இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, முன்னால் நின்று பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நேராக இருக்கிறது பார் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“கோணலாவே இருந்தா என்னங்க? என் தம்பி வந்திருப்பான்.”

அவள் அழவில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.